பழுதென்று ஒதுக்குமுன்...

 

உங்கள் இல்லத்தில், பரணிலோ அலமாரியின் மேல்தட்டிலோ, துணி போர்த்தி வைக்கப்பட்ட பழைய கணிப்பொறி ஒன்று இருக்கின்றதா? மகனோ மகளோ கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கியதாக இருக்கலாம். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர் கொண்டு வந்ததாக இருக்கலாம். அரசு வழங்கியதாகவும் இருக்கலாம். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக, அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவ மாணவியரின் கைகளைச் சென்றடைந்தன. அன்று அவற்றைப் பெற்ற பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகிவிட்டனர். கணிப்பொறிகளோ "போய்விட்டது" என்ற ஒரே சொல்லோடு மூலையில் கிடக்கின்றன.

போனது எது? அதைத்தான் நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. ஒருவரைப் பற்றிச் செய்தி வந்தால் தீர விசாரிக்காமல் முடிவு கட்டக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கின்றோம். ஒரு பொருளைப் பற்றிய செய்திக்கும் அந்த ஒழுங்கு வேண்டாமா? வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கத்தை உடைய நாம், சில நூறு ரூபாயில் சீராகக் கூடிய ஒன்றைக் குப்பையென்று ஒதுக்குவது முறையாகுமா?

இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் செய்த ஒரு பிழையை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும்.

அத்தாவின் குரல்

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் அடுத்து அமைந்தது எங்கள் வடக்கனந்தல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், மஃரிபுக்குப் பின் நடைபெறும் ஓதல் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த வேளை. எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தி தன் தாயாருடன் வாசலில் வந்து நின்றாள். அவர்கள் வந்த ஆட்டோவில் ஒரு மேசைக் கணிப்பொறியின் பெட்டி இருந்தது.

"ஹஜ்ரத், மதர்போர்டு போய்விட்டது என்று கடையில் சொல்கிறார்கள். இதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், புதியது வாங்கும்போது விலையில் கழித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இவள்தான் தரமாட்டேன் என்று அழுகிறாள்" என்றார் அத்தாயார்.

"அதிலே அத்தா ஓதினது இருக்கு ஹஜ்ரத்" என்றாள் சிறுமி.

அவளுடைய தந்தையார் மர்ஹூமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் கேட்டுப் பழக வேண்டுமென்று தம் கிராஅத்தைத் தாமே மைக் வைத்து அந்தக் கணிப்பொறியில் பதிவு செய்து வைத்திருந்தாராம். வேறு எங்கும் அதற்கு நகல் இல்லை.

நான் கலைப்பட்டம் பெற்றவன். மின்னணுவியல் பயின்றவன் அல்லன். மதரஸாவுக்கு அன்பர் ஒருவர் அளித்த இரண்டு பழைய கணிப்பொறிகளை ஓடச் செய்ய வேண்டிய கட்டாயத்தினால் சிறிது கற்றுக்கொண்டவன். அந்தச் சிறிய அறிவை நம்பிப் பெட்டியை உள்ளே எடுத்து வரச் செய்தேன்.

அக்காலத்தில் என்னிடமிருந்த கருவி ஒன்றே ஒன்று: சோதனை நிரல்கள் அடங்கிய ஒரு சிடி. அந்தக் கணிப்பொறியின் சிடி டிரைவோ தட்டை உள்ளே இழுத்துக்கொண்டு சிறிது நேரம் முனகிவிட்டு அப்படியே வெளியே தள்ளியது. மருத்துவர் வந்துவிட்டார், நோயாளி வாய் திறக்க மறுத்துவிட்டார் என்பது போலாயிற்று என் நிலை.

சிடி டிரைவ் ஏன் முதலில் சாகின்றது?

இது வியப்பன்று. பழைய கணிப்பொறிகளில் முன்னதாகவே கைவிடும் உறுப்புகளுள் ஒன்று சிடி டிரைவ். அதனுள்ளே லேசர் ஒளியைத் தட்டின்மீது குவிக்கும் சிறு கண்ணாடி வில்லை ஒன்று இருக்கின்றது. அதன்மேல் தூசி படிந்தாலோ, ஒளி தரும் உறுப்பு வலுவிழந்தாலோ, தட்டைச் சுழற்றும் மோட்டார் தளர்ந்தாலோ வாசிப்பு நின்றுவிடும். கரும்பு வண்டிகள் புழுதி கிளப்பிச் செல்லும் நம் பகுதிச் சாலையோர வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் கணிப்பொறியைச் சோதிக்கும் நிரல்கள் ஃபிளாப்பியில் வந்தன. சிடியிலிருந்தே கணிப்பொறியை இயக்கத் தொடங்கலாம் என்னும் விதிமுறை 1995இல்தான் வகுக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டில், 1996இல், யு.எஸ்.பி. இணைப்பின் முதல் விதிமுறை வெளிவந்தது. அந்த யு.எஸ்.பி. வழியே இன்று நமக்குக் கைகொடுக்கின்றது. ஆகவே சிடி டிரைவ் பழுதென்பது பரிசோதனைக்கு ஒரு தடையே அன்று. வழிகள் மூன்று: கணிப்பொறியே தன்னைத் தானே சோதித்துச் சொல்வது, பென் டிரைவ் கொண்டு சோதிப்பது, உறுப்பைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் வைத்துச் சோதிப்பது.

முதல் வழி: அது சொல்வதைக் கேளுங்கள்

மின்விசையை அழுத்தியவுடன் ஒவ்வொரு கணிப்பொறியும் தன் உறுப்புகளைத் தானே ஒரு முறை சரிபார்க்கின்றது. மதர்போர்டில் நிலையாகப் பதிந்துள்ள பயாஸ் என்னும் நிரல் இதைச் செய்கின்றது. திரையில் எதுவும் தோன்றாத நிலையிலும், பெட்டிக்குள் உள்ள சிறு ஒலிப்பான் வழியே தான் கண்ட குறையைக் கூவிச் சொல்லும். அந்தக் கூவலுக்குப் பொருள் உண்டு. அவார்ட் என்ற வகைப் பயாஸில் ஒரு நெடிய ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் வந்தால், திரைக்குப் படம் அனுப்பும் பகுதியில் கோளாறு. நெடிய ஒலி மீண்டும் மீண்டும் வந்தால், ராம் எனப்படும் நினைவகத்தில் கோளாறு. தயாரிப்பாளருக்குத் தக்கவாறு இக்குறிகள் மாறும். ஆதலால் உங்கள் மதர்போர்டின் பெயரையும் எண்ணையும் பார்த்து, அதற்குரிய கையேட்டில் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். மடிக்கணினிகள் சிலவற்றில் ஒலிக்குப் பதிலாகச் சிறு விளக்குகள் சிமிட்டிச் சொல்லும்.

சிறுமியின் கணிப்பொறியும் அன்று நெடிதாகக் கூவிக்கொண்டுதான் இருந்தது. கடையில் அதைக் கேட்பாரில்லை போலும். மின்கம்பியை முற்றிலும் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளங்கையை உலோகச் சட்டத்தில் ஒரு முறை வைத்து, உடலில் தங்கிய நிலைமின்சாரத்தைப் போக்கினேன். ராம் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பான் கொண்டு மெல்லத் துடைத்து, துகளை ஊதி நீக்கி, மீண்டும் பொருத்தினேன். மின்விசையை அழுத்தினேன். ஒரே ஒரு குறுகிய ஒலி; திரையில் எழுத்து! "போய்விட்டது" என்று சொல்லப்பட்ட மதர்போர்டு உயிரோடு இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

சில நிறுவனங்கள் பயாஸுக்கு உள்ளேயே விரிவான சோதனைகளையும் வைத்துள்ளன. டெல் கணிப்பொறிகள் பலவற்றில் தொடங்கும்போது எஃப் 12 விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் சோதனைக்கான வரி இருக்கும். எச்.பி. கணிப்பொறிகளில் எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருந்து, பின் எஃப் 2 அழுத்தினால் சோதனைப் பகுதி திறக்கும். இவற்றுக்குச் சிடியும் வேண்டாம், பென் டிரைவும் வேண்டாம், விண்டோஸும் வேண்டாம்.

மற்றொரு சிறு அடையாளத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடுகின்றதா? மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் அது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். தேதி தவறினால் இணையத்தில் பாதுகாப்பான பக்கங்கள் பலவும் திறக்க மறுக்கும். "இன்டர்நெட் போய்விட்டது" என்று கடைக்குத் தூக்கிச் செல்லப்படும் கணிப்பொறிகளில் சிலவற்றுக்கு இந்தப் பேட்டரியே மருந்து.

நான் செய்த பிழை

திரையில் எழுத்து வந்ததும் சிறுமியின் முகத்தில் தோன்றிய ஒளியை இன்றும் மறக்கவில்லை. விண்டோஸ் மெல்லத் திறந்தது. அவள் தன் தந்தையாரின் கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டினாள். ஏறத்தாழ இருபது பதிவுகள் இருந்தன. வீட்டிலுள்ள கைப்பேசியில் கேட்க வேண்டும் என்று அவள் கேட்டதால், இரண்டை மட்டும் என் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். "மற்றவற்றை நாளை எடுத்துக்கொள்ளலாம், இன்றிரவு இதை முழுமையாகச் சோதித்துவிடுகின்றேன்" என்று கூறி அனுப்பினேன்.

பெருமிதம் என் கண்ணை மறைத்திருந்தது. ஹார்ட் டிஸ்க் அவ்வப்போது "டிக், டிக்" என்று ஒலித்ததை நான் பொருட்படுத்தவில்லை. டிஸ்க்கின் பரப்பு முழுவதையும் ஒரு மூலை விடாமல் வாசித்துப் பார்க்கும் நீண்ட சோதனையை இஷாவுக்குப் பின் தொடங்கிவிட்டு வீட்டுக்குச் சென்றேன். சுபுஹு தொழுகைக்கு வந்து பார்த்தபோது சோதனை பாதியில் நின்றிருந்தது. மீண்டும் இயக்கினால், ஹார்ட் டிஸ்க் இருப்பதாகவே கணிப்பொறி ஒப்புக்கொள்ளவில்லை. அந்த "டிக், டிக்" மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

நோயுற்ற டிஸ்க்குக்கு அந்த நீண்ட சோதனை, நெஞ்சு வலிக்காரரை மலையேறச் சொன்னது போலாகிவிட்டது. மீதி இருந்த பதிவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு மட்டும் எஞ்சின. அவையும் ஒரு சிறுமியின் ஆசையால் எஞ்சியவை, என் அறிவால் அல்ல.

ஒளுவில் உறுப்புகளை வரிசையாகக் கழுவுவது ஷாஃபிஈ மத்ஹபில் ஃபர்ளு, ஹனஃபி மத்ஹபில் சுன்னத் என்று வகுப்பில் நடத்துகின்றேன். கணிப்பொறிச் சோதனையில் வரிசை பேணுவது எவருக்கும் கடமை என்பதை அன்று படித்துக்கொண்டேன். வரிசை இதுதான்: முதலில் காப்பது, அடுத்துச் சோதிப்பது, இறுதியில் பழுது நீக்குவது.

கணிப்பொறி ஒரு முறை உயிர் பெற்றுவிட்டதென்றால், அந்த நிமிடமே குடும்பப் படங்களையும் பதிவுகளையும் சான்றிதழ்களையும் வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். டிஸ்க்கில் ஐயத்துக்குரிய ஒலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு, அதைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்து நகலெடுப்பதே மேல். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்றொரு நிரல் உண்டு. அது டிஸ்க்கின் நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைத் தாண்டிச் சென்று, அவற்றுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். அன்று எனக்கு அது தெரிந்திருந்தால்!

இரண்டாம் வழி: பென் டிரைவ்

சிடி செய்த பணி அனைத்தையும் இன்று பென் டிரைவ் செய்கின்றது. ஆயத்தம் செய்ய நன்றாக இயங்கும் வேறொரு கணிப்பொறி வேண்டும். உறவினர் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ளதைச் சிறிது நேரம் கேட்டுப் பெறலாம். ஒன்றை மறவாதீர்கள்: ஆயத்தம் செய்யும்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே வெறுமையான ஒன்றையே பயன்படுத்துங்கள்.

சோதனை நிரலை அதன் அதிகாரபூர்வமான தளத்திலிருந்து இறக்கிக்கொண்டு, ரூஃபஸ் என்ற இலவச நிரலின் உதவியால் பென் டிரைவில் எழுதலாம். விண்டோஸ் 7 உள்ள கணிப்பொறியில் எழுதுவோர் ரூஃபஸின் பழைய 3.22ஆம் பதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். 4ஆம் பதிப்பு முதல் அது விண்டோஸ் 7இல் இயங்காது. பல நிரல்களை ஒரே பென் டிரைவில் வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு, 2020இல் வெளியான வென்டாய் உகந்தது. கோப்புகளை உள்ளே போட்டால் போதும். தொடங்கும்போது எது வேண்டுமென்று அதுவே பட்டியலிட்டுக் கேட்கும்.

பின்னர், பழைய கணிப்பொறியில் பென் டிரைவைச் செருகி, மின்விசையை அழுத்தியதும் பூட் பட்டியலைத் திறக்கும் விசையைத் தட்ட வேண்டும். எஃப் 12, எஃப் 11, எஃப் 9, எஃப் 8, எஸ்கேப் என நிறுவனத்துக்கு ஒன்றாக அது இருக்கும். பட்டியலில் பென் டிரைவின் பெயரையோ யு.எஸ்.பி. என்ற சொல்லையோ தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் தோன்றாவிடில் பெட்டியின் முன்புறத்தை விடுத்துப் பின்புறத்து யு.எஸ்.பி. துளையில் செருகிப் பாருங்கள்; அது மதர்போர்டோடு நேரடியாக இணைந்தது. அப்போதும் வராவிடில், பயாஸ் அமைப்புக்குள் சென்று யு.எஸ்.பி.யிலிருந்து தொடங்க இசைவு தரப்பட்டுள்ளதா என்று காண வேண்டும்.

மிகப் பழைய கணிப்பொறிகள் யு.எஸ்.பி.யிலிருந்து தொடங்கவே அறியாதவை. அவற்றுக்கும் வழியுண்டு. பிளாப் பூட் மேனேஜர் என்னும் சிறு நிரலை ஃபிளாப்பியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ வைத்து இயக்கினால், பயாஸ் அறியாத யு.எஸ்.பி.யை அது அறிந்து தொடங்கி வைக்கும். ஆனால் ஐயத்துக்குரிய டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள்.

இந்த இரண்டாம் வழியில் நம் இல்லங்களுக்கு ஒரு தனி நன்மை இருக்கின்றது. பென் டிரைவிலிருந்து தொடங்கும் கணிப்பொறிக்கு ஹார்ட் டிஸ்க் தேவையே இல்லை! அதைக் கழற்றி அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, மற்ற உறுப்புகளைச் சோதித்துக்கொள்ளலாம். கடைக்கு அனுப்பும்போதும் அவ்வாறே டிஸ்க் இல்லாமல் அனுப்பலாம். நம் வீட்டுப் பெண்களின் படங்களும் குடும்ப நிகழ்ச்சிகளும் அந்நியர் கண்ணில் படுவது குறித்து எத்துணை பேணுதலாக இருக்கின்றோம்! அப்பேணுதலை, ஆயிரக்கணக்கான படங்களைச் சுமந்த டிஸ்க்கைக் கடையில் விட்டு வரும்போது மறந்துவிடுகின்றோம்.

ராம் சோதனை

இயங்கிக்கொண்டிருக்கும்போதே நீலத்திரை தோன்றி நின்றுவிடுதல், காரணமின்றித் தானே மறுபடி தொடங்குதல், விண்டோஸ் நிறுவும்போது ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் பிழை காட்டுதல் ஆகியவற்றுக்கு ராம் காரணமாக இருக்கலாம். இதற்கு மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரல் புகழ்பெற்றது. இதன் மூலமான மெம்டெஸ்ட்86, 1994இல் தோன்றியது. பிளஸ் பதிப்பு 2004இல் பிரிந்து வளர்ந்து, நெடுநாள் இடைவெளிக்குப் பின் 2022இல் புதுப்பிக்கப்பட்டு, பழைய கணிப்பொறிகளிலும் புதியவற்றிலும் இயங்குகின்றது. அளவில் சில மெகாபைட்டுகளே. எந்தச் சிறிய பென் டிரைவிலும் அடங்கும்.

தொடங்கியதும் அது தானே சோதிக்க ஆரம்பிக்கும். நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் எழுதுவதும், எழுதியதைத் திரும்ப வாசிப்பதும், இரண்டும் ஒன்றா என்று பார்ப்பதுமே அதன் பணி. ஒரு முழுச் சுற்றாவது முடியும்வரை காத்திருங்கள். இரவெல்லாம் ஓடவிடுவது இன்னும் நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும் குறை இருப்பதாகவே கொள்ள வேண்டும்; இதில் சிறு பிழை, பெரும் பிழை என்ற வேறுபாடு கிடையாது. இரண்டு பட்டைகள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அதே பட்டையை வேறு துளையில் வைத்தும் பாருங்கள். அப்போதுதான் குற்றம் பட்டையிலா, துளையிலா என்பது வெளிப்படும்.

பென் டிரைவ் ஆயத்தம் செய்ய இயலாதவர்கள், விண்டோஸ் திறக்கும் நிலையிலிருந்தால், அதனுள்ளேயே இருக்கும் நினைவகச் சோதனையை இயக்கலாம். விஸ்டா முதலே விண்டோஸில் அது உண்டு. தொடக்கத் தேடலில் எம்.டி.சேஷெட் என்னும் கட்டளையை, அதாவது எம், டி, எஸ், சி, எச், இ, டி என்ற ஏழு எழுத்துகளைத் தட்டினால் அது வரும்.

ஹார்ட் டிஸ்க்கின் நாடித்துடிப்பு

நகலெடுத்து முடித்த பின்பே இதற்கு வாருங்கள். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் நலத்தைப் பற்றித் தானே ஒரு குறிப்பேடு எழுதி வருகின்றது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அதை வாசிப்பதால் டிஸ்க்குக்குத் துன்பமில்லை. நாடி பிடித்துப் பார்ப்பது போன்றதே. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலும், லினக்ஸில் ஜிஸ்மார்ட்கண்ட்ரோல் என்ற நிரலும் இக்குறிப்பேட்டைத் திறந்து காட்டும்.

நீண்ட பட்டியலைக் கண்டு மலைக்க வேண்டாம். நான்கு வரிகளைப் பாருங்கள். 5ஆம் எண்: கெட்டுப்போய், மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197: வாசிக்க இயலாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள். 198: மீட்க முடியாதவை. இம்மூன்றின் உண்மை மதிப்பு சுழியமாக இருப்பதே நலம். 199ஆம் எண் உயர்ந்திருந்தால், குறை டிஸ்க்கில் அல்லாமல் அதை இணைக்கும் கேபிளில் இருக்கக் கூடும். சில ரூபாய்க் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பரப்பை வாசிக்கும் சோதனையில் முதல் பிழை தோன்றிய டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்ற டிஸ்க்கைவிட 39 மடங்கு மிகுதி என்று அதில் கண்டனர். அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் சொன்னது: செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முதன்மையான எச்சரிக்கைக் குறிகள் எதையும் முன்னதாகக் காட்டவில்லை. ஆகவே பிழை தெரிந்தால் உடனே அஞ்சுங்கள். பிழை தெரியாவிடினும் நகலின்றி இராதீர்கள்.

வெப்பமும் மின்சாரமும்

பத்து நிமிடம் ஓடிவிட்டு அணைந்துபோகும் கணிப்பொறிக்குப் பெரும்பாலும் நோய் வெப்பமே. விசிறியில் அடைந்த தூசியை மென்மையான தூரிகையால் நீக்குங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மேசைக் கணிப்பொறியின் பயாஸில் உட்புற வெப்பமும் மின்னழுத்தமும் காட்டும் பக்கம் இருக்கும். 12 வோல்ட் என்றிருக்க வேண்டிய இடத்தில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் இடத்தில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். இதற்கு வெளியே சென்றால் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியை ஐயுற வேண்டும். அதை மாற்றலாமேயன்றி, ஒருபோதும் திறக்கக் கூடாது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கள்.

சோதித்த பின்?

சோதனையின் முடிவு நன்றாக இருந்தால் அக்கணிப்பொறிக்கு இன்னும் வாழ்நாள் உண்டு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாளும், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளும் முடிந்துவிட்டன. ஆதலால் பழைய கணிப்பொறிகளில் இலவசமான லினக்ஸ் வகை ஒன்றை நிறுவிக்கொள்வது பாதுகாப்பு. இது நமக்குப் புதிதுமன்று. அரசு மடிக்கணினிகள் வழங்கப்பட்ட தொடக்க ஆண்டுகளில், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் சேர்த்தே தரப்பட்டது.

விற்க எண்ணினால், சோதனையில் கண்ட குறையை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொருளின் ஐபை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் கூடாது. பழையது வாங்குபவராயின், பென் டிரைவைச் சட்டைப்பையில் எடுத்துச் சென்று, கடையிலேயே இச்சோதனைகளைச் செய்து பார்த்து வாங்குங்கள்.

உண்மையிலேயே பயனற்றுப் போனதாயின், டிஸ்க்கை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மின்னணுக் கழிவுகளை முறைப்படி பெறுவோரிடம் சேர்ப்பியுங்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. அந்தக் குவியலில் நம் வீட்டுப் பங்கு குறையட்டும்.

அன்பர்களே!

அந்தச் சிறுமியின் கணிப்பொறிக்கு வேறொரு ஹார்ட் டிஸ்க் பொருத்திக் கொடுத்தேன். ராமைப் பென் டிரைவ் கொண்டு இரவெல்லாம் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. கடையில் கேட்ட தொகையில் சிறு பகுதிகூடச் செலவாகவில்லை. அவளுடைய தாயார் நன்றி கூறியபோது என்னால் தலை நிமிர்ந்து அதை ஏற்க இயலவில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "கழா கத்ர் ஹஜ்ரத், ரெண்டாவது மிஞ்சியதே" என்றார் அவர். சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஓதல் வகுப்பில் அவள் பாடம் ஒப்பித்தபோது, சில இடங்களில் நீட்டும் முறை நான் கற்றுக் கொடுத்ததாக இல்லை. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அதைத் திருத்தாமல் விட்டேன். அதில் பிழையும் இல்லை.

இன்று இந்தக் கட்டுரையை வாசித்து முடித்ததும் அந்தப் பழைய கணிப்பொறியின் துணியை விலக்குங்கள். அதில் உங்கள் தாயின் குரலோ, தந்தையின் முகமோ, ஒரு பிள்ளையின் முதல் ஓதலோ இருக்கக் கூடும். அவை உங்களிடம் உள்ள அமானிதம். முதலில் காப்பாற்றுங்கள், பிறகு சோதியுங்கள், அதன் பின் முடிவு செய்யுங்கள்.

தீர விசாரித்துத் தெளியும் பண்பையும், கையில் உள்ளதைப் பேணிக் காக்கும் பண்பையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.